ஒரே காணிக்கு இரண்டு பெர்மிட்: கைத்தொலைபேசிக்குள் நினைவகம் யாருக்குச் சொந்தம்?

2002 போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பிறகு உயிலங்குளத்தால் வன்னிக்குள் போய் வந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கனவே தெரியும். இராணுவத்தின் பக்கத்தில் ஒரு பதிவு. நடுவில் சூனியப் பிரதேசம். அதைத் தாண்டினால் புலிகளின் பக்கத்தில் இன்னொரு பதிவு. ஒரு பக்கத்தில் வெளியேறி மறுபக்கத்தில் இன்னும் நுழையாமல் நடுவில் நிற்கும் ஆள் யாருடைய பொறுப்பு? இரு பக்கமும் இதற்கு ஒரே பதிலை வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. இரண்டும் "அவர் எங்களிடம் இல்லை" என்றாலோ, இரண்டும் "அவர் எங்கள் ஆள்" என்றாலோ விபரீதம் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசிக்குள்ளும் இப்படியொரு கடவை இருக்கிறது. ஒரு பக்கத்தில் இயங்குதளத்தின் நடுப்பகுதி. மறுபக்கத்தில் கமரா, வைஃபை, ஒலி, தொடுதிரை போன்ற கருவிகளை இயக்கும் ட்ரைவர்கள். இரண்டுக்கும் நடுவே கைமாறுவது நினைவகத் துண்டுகள். அந்தத் துண்டு இப்போது யாருக்குச் சொந்தம், யார் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் இரு பக்கமும் மாறுபட்டு நினைத்த இடங்கள் வழியாகத்தான் உளவு மென்பொருள்கள் பலரின் போன்களுக்குள் புகுந்திருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தையும், சாட்சியங்களையும், செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதப் பிரதியையும் போனிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆகவே இதைப் பொறியியலாளர்களின் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது.

கேர்னலும் ட்ரைவரும்

அன்ட்ரொய்ட் போன்கள் எல்லாவற்றின் அடியிலும் லினக்ஸ் கேர்னல் ஓடுகிறது. (கேணல் அல்ல, கேர்னல். எங்கள் காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் விழும்.) நினைவகத்தைப் பங்கிடுவது, எந்தச் செயலி எப்போது ஓடுவது என்று தீர்மானிப்பது, கோப்புகளையும் வலையமைப்பையும் கவனிப்பது ஆகியவை இதன் நடுப்பகுதியின் வேலை. ட்ரைவர்கள் அதோடு ஒட்டிக்கொள்ளும் துணைப் பகுதிகள். லினக்ஸ் நிரல்வரிகளில் பாதிக்கு மேற்பட்டவை ட்ரைவர்களே. அவற்றை எழுதுபவர்களோ உலகெங்கும் பரந்த பல நூறு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று. நீங்கள் போனில் ஏற்றும் வட்ஸ்அப் போன்ற செயலிக்கும் கேர்னலுக்கும் நடுவே சுவர் உண்டு. செயலி பிழைவிட்டால் அது மட்டும் விழும். ட்ரைவருக்கும் கேர்னலின் நடுப்பகுதிக்கும் இடையில் அப்படி எந்தச் சுவரும் இல்லை. ட்ரைவர் ஓடுவது கேர்னலுக்கு உள்ளே, கேர்னலின் முழு அதிகாரத்தோடு. எங்கோ ஒரு மூலையில் மலிவான கமராவுக்காக எழுதப்பட்ட ட்ரைவரின் பிழையும் போன் முழுவதையும் திறந்து கொடுக்கும் பிழையாகிவிடலாம்.

ட்ரைவருக்கு ஏதாவது குறித்து வைக்க இடம் தேவைப்பட்டால் அது நடுப்பகுதியிடம் கேட்கிறது: "200 பைட் தா." நடுப்பகுதி வெறுமையாக உள்ள இடத்தைப் பார்த்து, அதன் முகவரியைக் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் ட்ரைவர் "இந்த முகவரியில் உள்ளதை எடுத்துக்கொள்" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். காணிக் கச்சேரியில் அரச காணிக்குப் பெர்மிட் வழங்குவது போலத்தான். உறுதிக் காணி அல்ல, அனுபவிக்கும் உரிமை மட்டும்.

ஆனால் கச்சேரியிலாவது பெர்மிட்டுக்குப் பெயரும் இலக்கமும் கோப்பும் இருக்கும். கேர்னல் எழுதப்பட்டுள்ள சி மொழியில் முகவரி என்பது வெறும் எண். அதை ஒருவர் பத்துத் துண்டுக் கடதாசியில் எழுதிப் பத்துப் பேரிடம் கொடுத்தாலும் யாரும் கணக்கெடுப்பதில்லை. நிலம் திருப்பிக் கொடுக்கப்பட்ட பிறகும் அந்தக் கடதாசிகள் பத்தும் அப்படியே கையில் இருக்கும். நடுப்பகுதி அதே துண்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பழைய கடதாசியை வைத்திருப்பவர் வந்து புதியவரின் வளவுக்குள் கிணறு தோண்டினால், அதைத்தான் 'விடுவித்த பின் பயன்படுத்தல்' என்கிறார்கள். ஒரே காணிக்கு இரண்டு பெர்மிட் எழுதப்பட்டதால் வருடக்கணக்காகப் பிரதேச செயலகத்துக்கு நடப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உவமை ஓரிடத்தில் உதைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்களில் பழைய பத்திரத்தோடு திரும்பி வருபவர் பெரும்பாலும் உரிமைக்காரர், இடம்பெயர்ந்து போனதைத் தவிர அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. கேர்னலில் பழைய முகவரியோடு வருபவர் எப்போதும் பிழை. அங்கே காணியைத் திருப்பிக் கொடுத்தவருக்கு உரிமை மிச்சம் எதுவும் கிடையாது.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கக் கேர்னல் எழுதுபவர்கள் சில வழமைகளை வைத்திருக்கிறார்கள். நல்ல உதாரணம் வலையமைப்புப் பொதிகள். நீங்கள் ஒரு செய்தி அனுப்பும்போது நடுப்பகுதி அதை ஒரு பொதியாகக் கட்டி வைஃபை ட்ரைவரிடம் கொடுக்கிறது. ட்ரைவர் "சரி" என்று பதில் சொன்னால் அந்தக் கணத்திலிருந்து பொதி ட்ரைவருடையது. கருவி அனுப்பி முடித்ததும் நினைவகத்தை விடுவிப்பது அதன் பொறுப்பு. "இப்போது இடமில்லை" என்று பதில் சொன்னால் பொதி இன்னும் நடுப்பகுதியினுடையதுதான், ட்ரைவர் அதைத் தொடக்கூடாது. பதில் ஒரேயொரு சொல். "சரி" என்று சொல்லிவிட்டு விடுவிக்க மறந்தால் நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிப் போன் மந்தமாகும். விடுவித்துவிட்டு "இடமில்லை" என்று சொன்னால் நடுப்பகுதி அதே பொதியை மீண்டும் எடுத்துக் கையாளும். ஒழுகினால் போனை அணைத்துப் போட்டாலே சரியாகிவிடும். இரண்டாவதுதான் ஆபத்தானது.

இன்னொரு வழமை எண்ணிக்கை. ஒரு துண்டை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணை அந்தத் துண்டிலேயே எழுதி வைப்பது. புதிதாக ஒருவர் வாங்கினால் ஒன்று கூடும், ஒருவர் விட்டால் ஒன்று குறையும், பூச்சியத்துக்கு வந்தால் மட்டுமே இடம் விடுவிக்கப்படும். கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய 'கேரெஃப்' என்ற சிறு பகுதி இந்த வேலையைத்தான் செய்கிறது. எண்ணிக்கை சரியாக நடந்தால் இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் கடதாசியைப் பிரதியெடுத்தவர் எண்ணைக் கூட்டாமல் விட்டால் முறையே பொய்யாகிவிடும்.

2007இல் டேஜுன் ஹியோ கொண்டுவந்த ஏற்பாடு ட்ரைவர் எழுதுபவர்களின் சுமையைக் குறைத்தது. கருவி கழன்றதும் அதற்காக ட்ரைவர் வாங்கிய நினைவகம் எல்லாம் தானாகவே விடுவிக்கப்படும். வசதிதான். ஆனால் யூ.எஸ்.பி. கமராவைக் கழற்றிய பிறகும் ஒரு செயலி அந்தக் கமராவின் கோப்பைத் திறந்து வைத்திருந்தால்? நினைவகம் போய்விட்டது, கோப்பு இன்னும் அதைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. கமரா ட்ரைவர்களில் நீண்டகாலம் வேலை செய்த லோரன் பின்ஷார் 2022இல் லினக்ஸ் பொறியாளர்களின் மாநாடு ஒன்றில் இந்த வசதியே தீங்கானது என்று வாதிட்டார். கருவியின் ஆயுளும் அதைப் பயன்படுத்துபவரின் ஆயுளும் ஒன்றல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் சொன்னது சரியென்றே படுகிறது.

பைண்டர்: திருத்தம் வந்தது, போனுக்கு வரவில்லை

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு பைண்டர் சாட்சி. அன்ட்ரொய்ட் போனில் ஒரு செயலி இன்னொன்றோடு பேசுவதற்கான வழி அது. கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய கருவி எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. ஆனாலும் அது ஒரு ட்ரைவராகவே எழுதப்பட்டிருக்கிறது.

பைண்டரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு செயலி இழைக்கும் ட்ரைவர் ஒரு பதிவை உருவாக்கும். அந்தப் பதிவுக்குள் 'செய்தி வந்தால் யாரை எழுப்புவது' என்ற காத்திருப்போர் வரிசை ஒன்று இருக்கும். கேர்னலின் நடுப்பகுதியில் ஈபோல் என்று ஒரு பகுதி உண்டு. பல கோப்புகளை ஒரே நேரத்தில் காவல் பார்ப்பது அதன் வேலை. பைண்டரைக் காவல் பார்க்கச் சொன்னால் அது தன் பெயரை அந்த வரிசையில் கொண்டுபோய்ப் போடும். அந்த வரிசை கோப்பு திறந்திருக்கும் வரை இருக்கும் என்பது ஈபோலின் நம்பிக்கை. ட்ரைவரோ இழை முடிந்தாலே பதிவை வரிசையோடு சேர்த்து விடுவித்தது. இரண்டும் தத்தம் அளவில் நியாயமானவை. ஆனால் ஒன்று மற்றதுக்கு அறிவிக்கவில்லை. பிறகு ஈபோல் தன் பெயரை நீக்க வந்தபோது அந்த இடத்தில் வேறொருவர் குடியிருந்தார். ஈபோல் அங்கே எழுதியது அவருடைய சுவரில்.

அங்கே யாரைக் குடியிருத்துவது என்பதைத் தாக்குபவர் தீர்மானிக்க முடிந்ததால் போன் முழுவதும் அவர் கைக்குப் போனது.

இந்தப் பிழையைக் கூகுளின் தானியங்கிச் சோதனை மென்பொருளான சிஸ்பொட் 2017 நவம்பரில் கண்டுபிடித்தது. 2018 பெப்ரவரியில் திருத்தப்பட்டது. திருத்தம் சில வரிகள்தான். பதிவை விடுவிக்கும் முன் "இந்த வரிசை போகிறது, பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது. ஆனால் அப்போது அதைப் பாதுகாப்புப் பிழை என்று யாரும் குறிக்கவில்லை, அதற்கான சி.வி.இ. இலக்கமும் கொடுக்கவில்லை. அதனால் ஏற்கனவே விற்பனையான போன்களின் பாதுகாப்பு அப்டேட்டுகளில் அது சேரவில்லை. 2019 செப்டெம்பர் இறுதியில் கூகுளின் புரொஜெக்ட் ஸீரோவைச் சேர்ந்த மடி ஸ்டோன் அதே பிழை உளவுக்குப் பயன்படுத்தப்படுவதாக அறிவித்தபோது ஏறத்தாழ 20 மாதங்கள் கழிந்திருந்தன. பாதிக்கப்பட்டவையாக அவர் பட்டியலிட்டவற்றில் பிக்சல் 2, சம்சுங் எஸ்7, எஸ்8, எஸ்9, ஷவோமி ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5, ஹுவாவி பி20, ஒப்போ ஏ3 ஆகியவை இருந்தன. பெரும்பாலும் எங்கள் சனத்தின் கைகளில் புழங்கிய பெயர்கள்தான். இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. குழுமம் இதைப் பயன்படுத்தியதாகவோ விற்றதாகவோ கூகுளுக்குத் தகவல் கிடைத்திருந்தது. அந்த நிறுவனம் அதை மறுத்தது. 2019 ஒக்டோபர் அப்டேட்டில் பிழை ஒருவழியாக அடைக்கப்பட்டது.

2020 ஜனவரியில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் இன்னொரு தகவலை வெளியிட்டது. கூகுள் பிளே கடையிலேயே வைக்கப்பட்டிருந்த மூன்று செயலிகள் சைட்விண்டர் என்ற உளவுக் குழுவோடு தொடர்புபட்டவை என்றும், அவற்றில் கமேரோ என்ற படக் கருவி இந்தப் பைண்டர் பிழையைப் பயன்படுத்தியது என்றும் அது சொன்னது. இடக்குறிப்பு, கோப்புகள், திரைப்படங்கள் பிடித்தல், ஜிமெயில், முகநூல் தரவுகள் என எல்லாம் சேகரிக்கப்பட்டன. சைட்விண்டர் தென்னாசியாவைக் குறிவைக்கும் குழு. 2021 ஜூன் முதல் நவம்பர் வரை அது ஆப்கானிஸ்தான், பூட்டான், மியன்மார், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளில் 61 அரச, இராணுவ, பொலிஸ் மற்றும் பிற அமைப்புகளைத் தாக்க முயன்றதாக குரூப்-ஐபி நிறுவனம் 2023இல் அறிக்கையிட்டது. அவர்களின் இலக்குப் பட்டியலில் சாதாரண குடிமகன் முதலிடத்தில் இல்லை என்று ஆறுதல்படலாம். ஆனால் ஒருமுறை வெளியே வந்த திறப்பு யார் கைக்கும் போகும்.

யூ.எஸ்.பி. வாயிலால் வந்தவர்கள்

மேலே சொன்னது செயலி வழியாக வந்த தாக்குதல். போனையே பறித்து வைத்துக்கொண்டு செய்வது வேறு. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வாழ்ந்து பழகிய எமக்கு, விசாரணை மேசையில் போனை வைத்துவிட்டு வெளியே காத்திருப்பது என்னவென்று தெரியும். இந்த வகைக்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட வழக்கு சேர்பியாவினுடையது.

2024 டிசம்பர் 25 பெல்கிரேட்டில் தடுத்து வைக்கப்பட்ட மாணவச் செயற்பாட்டாளர் ஒருவரின் சம்சுங் ஏ32 போனை சர்வதேச மன்னிப்புச் சபையின் பாதுகாப்பு ஆய்வகம் பிறகு பரிசோதித்தது. பூட்டியிருந்த போன் செலிபிரைட் நிறுவனத்தின் கருவியால் திறக்கப்பட்டிருந்தது. யூ.எஸ்.பி. வாயிலில் அடுத்தடுத்து போலிக் கருவிகள் சொருகப்பட்டதற்கான தடயங்கள் இருந்தன: தன்னைக் கமரா என்று சொல்லிக்கொண்ட ஒன்று, ஒலிப்பெட்டி என்று சொன்ன ஒன்று, தொடுபலகை என்று சொன்ன ஒன்று. போன் பூட்டியிருந்தாலும், சொருகப்படும் கருவிக்கு உரிய ட்ரைவரைக் கேர்னல் எழுப்பிவிடும். 2025 பெப்ரவரி 28 வெளியான அறிக்கையில் மூன்று கேர்னல் பிழைகள் குறிப்பிடப்பட்டன. மூன்றும் நினைவகப் பங்கீட்டுப் பிழைகள்.

கமரா ட்ரைவரில் இருந்தது எண்ணிக்கைத் தவறு. கருவி அனுப்பும் விபரப் பட்டியலை ட்ரைவர் இரண்டு முறை வாசிக்கிறது. முதல் முறை எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட, இரண்டாம் முறை அந்த இடத்தில் எழுத. வகை குறிப்பிடாத உருப்படிகளை முதல் முறை எண்ணாமல் விட்டு, இரண்டாம் முறை எழுதியது. பத்துப் பேருக்குச் சமைத்துப் பதினொரு பேருக்குப் பந்தி வைத்தது போல. இந்தத் தவறு அந்த ட்ரைவர் 2008இல் லினக்ஸில் சேர்ந்த நாள் முதல் இருந்தது. 16 வருடம் யாரும் கவனிக்கவில்லை.

தொடுபலகை சம்பந்தமானது நடுப்பகுதியின் பிழை. விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றுக்கான பொதுப் பகுதி ட்ரைவர்களுக்கு எழுத ஒரு துண்டு நினைவகத்தை வாங்கிக் கொடுக்கும். அதைத் துடைக்காமலே கொடுத்தது. முந்தி இருந்தவரின் கடிதங்கள் அலமாரியில் அப்படியே கிடக்க வீட்டைக் கைமாற்றியது போல. ஒழுங்கான ட்ரைவர் தன் பங்கை நிரப்பிவிடும் என்று பொதுப் பகுதி நினைத்தது, பொதுப் பகுதி துடைத்திருக்கும் என்று ட்ரைவர் நினைத்தது. வஞ்சகமாகச் செய்யப்பட்ட கருவியொன்று அந்தக் கடிதங்களை வெளியே வாசிக்க முடிந்தது. கேர்னலின் இரகசிய முகவரிகள் தெரிந்தால்தான் மற்றப் பிழைகளைப் பயன்படுத்த முடியும் என்பதால் சிறியதாகத் தோன்றும் இந்தக் கசிவு பெரிய உதவி. திருத்தம், வாங்கும்போதே பூச்சியத்தால் நிரப்பி வாங்குவது.

மூன்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒலிப்பெட்டி. 2000களின் தொடக்கத்தில் கிரியேட்டிவ் நிறுவனம் விற்ற எக்ஸ்டிஜி என்ற வெளி ஒலிப்பெட்டிக்காகச் சேர்க்கப்பட்ட சில வரிகள் அவை. யூ.எஸ்.பி. கருவி சொருகப்பட்டதும் நடுப்பகுதி அதனிடம் "உன்னிடம் எத்தனை அமைப்புகள் உண்டு" என்று கேட்டு, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் வாங்கி, எண்ணைத் தன் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. எக்ஸ்டிஜி பெட்டி தொடங்கிய பிறகு தன் விபரத்தை மாற்றும் பழக்கம் உள்ளது. ஆகவே ட்ரைவர் விபரத்தை மீண்டும் கேட்டு, நேரே நடுப்பகுதியின் பதிவேட்டிலேயே மேலெழுதியது. முதலில் ஒன்று என்று சொன்ன கருவி இப்போது பல என்று சொன்னால்? வாங்கிய இடம் ஒன்றுக்குத்தான். பதிவேட்டில் எண் பெரிதாகிவிட்டது. கருவி கழன்றபோது நடுப்பகுதி பதிவேட்டை நம்பி, தனக்குச் சொந்தமில்லாத இடங்களையும் விடுவிக்கப் போனது. ட்ரைவர் தன் நினைவகத்தில் எந்தப் பிழையும் விடவில்லை. அடுத்தவரின் பதிவேட்டில் கை வைத்ததுதான் பிழை. அந்தப் பழைய பெட்டியைக் கண்ணால் கண்டிராத ஒரு மாணவரின் போன் அதனால் திறந்தது.

இந்த அறிக்கைக்குச் சில நாட்களுக்கு முன்னர், சேர்பியாவில் தனது வாடிக்கையாளர் சிலரின் பயன்பாட்டை நிறுத்துவதாக செலிபிரைட் அறிவித்தது.

நிரந்தரமான பரிகாரமாக இப்போது பேசப்படுவது ரஸ்ட் மொழி. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரேயொரு உரிமையாளர், கொடுத்துவிட்டால் பிறகு தொட முடியாது என்ற விதியை மொழியே வலியுறுத்துகிறது. மீறினால் நிரல் உருவாகவே மாட்டாது. 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில் அதற்கு முதன்முறை இடம் கிடைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 6.18 பதிப்பில் பைண்டரே ரஸ்டில் எழுதப்பட்டுச் சேர்ந்தது. அடுத்த மாதமே கேர்னலின் ரஸ்ட் பகுதிக்கான முதலாவது சி.வி.இ. இலக்கமும் அதே பைண்டருக்குக் கிடைத்தது. விதிக்கு வெளியே நின்று எழுத அனுமதிக்கப்பட்ட சில வரிகளில்தான் தவறு. விளைவு போன் முடங்குவது. பழைய பைண்டரோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றம்தான்.

ஆனால் அந்தப் புதிய கேர்னல்கள் எங்கள் கையில் உள்ள போன்களுக்கு வரப்போவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் புதிது வாங்கிவிட்டுப் பழையதை அம்மாவுக்கு அனுப்புகிறார், அம்மாவிடம் இருந்தது பேரப்பிள்ளைக்குப் போகிறது. மூன்றாம் கைக்கு வரும்போது பெரும்பாலும் நிறுவனம் அப்டேட் கொடுப்பதை நிறுத்தியிருக்கும்.

போனின் அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் அன்ட்ரொய்ட் பதிப்பை அழுத்தினால் பாதுகாப்பு அப்டேட்டின் திகதி தெரியும். 2019 ஒக்டோபர் 6க்கு முந்திய திகதி இருந்தால் பைண்டர் வாசல் இன்னும் திறந்திருக்கக்கூடும். 2025 ஏப்ரல் 5 அல்லது அதற்குப் பிந்திய திகதி இருந்தால் சேர்பியாவில் பயன்பட்ட மூன்றும் அடைபட்டுள்ளன. போன் பழையது, அப்டேட் வராது என்றால் சாட்சியங்களையும் தொடர்பு இலக்கங்களையும் அதில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். பிளே கடையில் இருந்தாலும் முன்பின் தெரியாத படச் செயலிகளை ஏற்ற வேண்டாம். போனை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டி வந்தால் அணைத்துவிட்டுக் கொடுப்பது நல்லது. அணைத்துப் போட்ட பிறகு கடவுச்சொல் ஒருமுறையாவது இடப்படும் வரை உள்ளே உள்ள பெரும்பாலான தரவு குறியாக்கத்தில் பூட்டியே இருக்கும். ஒருமுறை திறந்து பிறகு திரையை மட்டும் பூட்டிய போனில் அந்தக் காவல் இல்லை.